தென்கோடியில் உலை வைத்தவர்களுக்கு

அண்டார்டிகாவின் இந்திய நிலையங்களான தட்சிண கங்கோத்ரியிலும் மைத்ரியிலும் பாரதியிலும், அவற்றுக்கும் அப்பால் பனிமலை ஓரங்களில் கூடாரம் போட்டும் நாள் கழித்த எல்லோருக்கும்,

கொல்லிமலை அரியூர் நாட்டிலிருந்து எழுதுகிறேன்.

உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. இந்த மலையில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் நான். அண்டார்டிகாவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், நீங்கள் எழுதி வைத்த சின்னச் சின்ன விஷயங்கள்தான் சம்பந்தம் என்பேன். தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், அடுப்பு எப்படி எரிந்தது, பாத்திரம் கழுவியது யார், குப்பையை என்ன செய்தீர்கள் என்றெல்லாம் உங்கள் பயண அறிக்கைகளில் எழுதியிருக்கிறீர்கள். பெரிய கண்டுபிடிப்புகளைத் தேடி அந்த அறிக்கைகளைத் திறப்பவர்கள் இந்தப் பக்கங்களில் நிற்காமல் போகலாம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவைதான் சொத்து. அதற்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

கண்டங்களைப் பற்றிய பாடத்தில் அண்டார்டிகா வரும். பனி, பென்குயின், ஆராய்ச்சி நிலையம் என்று சில வரிகளில் முடிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் அத்தோடு விடமாட்டார்கள். காலையில் ஊற்றுக்குப் போய்க் குடம் சுமந்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள் இவர்கள். "சுத்தியும் பனிக்கட்டின்னா குடிக்கிற தண்ணிக்கு எங்க டீச்சர் போவாங்க?" என்பது அவர்களின் முதல் கேள்வி. அடுத்தது, "மரமே இல்லையே, விறகுக்கு?" அப்புறம், "அவங்களுக்கு ஆக்கிப்போடறது யாரு?" பாடப்புத்தகத்தில் இதற்கெல்லாம் விடை கிடையாது. உங்களிடம் இருந்தது.

மைத்ரிக்குப் பக்கத்தில் பிரியதர்ஷினி ஏரி இருக்கிறது. ஷிர்மாகர் என்னும் பனியில்லாத பாறைவெளி வெறும் 35 சதுர கிலோமீட்டர்தான், அதற்குள் நூறுக்கும் மேற்பட்ட ஏரிகள். அதில் ஒன்றின் கரையில்தான் 1989-இல் மைத்ரியைக் கட்டினீர்கள். குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு கெட்டிப்பட்டுப் போனாலும் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அதை பம்ப் வைத்து இழுத்து, குழாய் உறையாமல் சூடு கொடுத்து, நிலையம் வரைக்கும் கொண்டுவர வேண்டும். எங்காவது அடைத்துக்கொண்டால் அந்த இருட்டில், அந்தக் காற்றில் யாரோ ஒருவர் எழுந்து போக வேண்டும். அப்படி எழுந்து போனவர் விஞ்ஞானியாக இருக்கலாம், ராணுவத்துப் பொறியாளராக இருக்கலாம், பிளம்பராக இருக்கலாம். அவர் பெயர் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் வராது. என் மாணவர்களுக்கு அவரைத்தான் முதலில் பிடித்துப்போனது.

நிலையத்தில் ஏரியாவது உண்டு. மலைக்குப் போன கள முகாம்களில் அதுவும் இல்லை. கோடைக்காலத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர்கள் ஹெலிகாப்டரில் இறங்கி, வோல்தாட் மலைத்தொடரின் அடிவாரங்களில் கூடாரம் போட்டு, வாரக்கணக்கில் பாறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு குவளைத் தேநீருக்கே முதலில் பனியை உருக்க வேண்டும். பனி உருக்குவது எளிது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெறும் பாத்திரத்தில் பனியைப் போட்டு அடுப்பில் வைத்தால் பாத்திரத்தின் அடி தீய்ந்து, தண்ணீரில் தீய்ந்த வாடை ஏறிவிடும். முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அது சூடானதும் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். பொலபொலவென்ற புதுப்பனி பாத்திரம் நிறைய இருந்தாலும் உருகிய பிறகு அடியில் கொஞ்சம்தான் தேறும். இறுகிய பனியை வெட்டி எடுத்தால் அதிகம் தேறும். வெட்டுகிற இடத்தைக் காலடி படாமலும், குப்பை வராமலும், கூடாரத்துக்குக் காற்று வரும் பக்கத்திலும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ராத்திரிக்கு வேண்டிய தண்ணீர், மறுநாள் காலைக்கு வேண்டியது, பிளாஸ்க்கில் ஊற்றி வெளியே கொண்டுபோக வேண்டியது என்று கணக்குப் போட்டு உருக்க வேண்டும். அடுப்பெண்ணெய் தீர்ந்தால் தண்ணீரும் தீர்ந்தது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பெண் பிள்ளை எழுந்து, "அப்ப அவங்க தண்ணியை எரிச்சுத்தான் குடிக்கிறாங்க" என்றாள். எத்தனை சரியாகப் பிடித்துவிட்டாள் என்று எனக்கு ஆச்சரியம்.

கோடை என்கிறோம். அங்கே நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. விடியல் இல்லாத ஊரில் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுந்திருக்க வேண்டும். கூடாரத்துக்குள் நடுராத்திரியிலும் வெளிச்சம் இருப்பதால் கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். பூட்ஸின் உள்ளுறையையும் கேமரா பேட்டரியையும் தூக்கப்பைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு படுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் ஒன்று விறைத்திருக்கும், மற்றது செத்திருக்கும். எழுந்ததும் அடுப்பு, பனி, தேநீர். குறித்த நேரத்துக்கு வயர்லெஸ்ஸில் நிலையத்தைக் கூப்பிட்டு "நலம்" என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்குக் குரல் வரவில்லையென்றால் நிலையத்தில் யாருக்கும் சோறு இறங்காது. பிறகு சுத்தியலும் நோட்டுப்புத்தகமுமாகப் புறப்பாடு. தனியாக யாரும் போவதில்லை. பனிப்பிளவு மேலே தெரியாமல் மூடிக்கிடக்கும் என்பதால் கயிற்றால் இணைத்துக்கொண்டு நடக்கிறார்கள். பாறைத் துண்டை உடைத்து, எண் எழுதி, பையில் போட்டு, வரைபடத்தில் குறித்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் அடுப்பு, மறுபடியும் பனி, மாலை வயர்லெஸ். பனிப்புயல் வந்தால் இந்த வரிசையும் நின்றுபோகும். கூடாரத் துணி அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அடங்குகிறவரைக்கும் படுத்துக்கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்காவுக்கு இந்தக் கதைகளில் என்னைவிட ஆர்வம். அவர் கேட்பது எல்லாமே அளவு. "ஒரு வருசத்துக்குப் பருப்பு எவ்வளவு வாங்குவாங்க? எண்ணெய் இறுகிப்போனா எப்படித் தாளிப்பாங்க? முட்டை?" அவர் கேட்கக் கேட்கத்தான் எனக்கே உங்கள் சமையலறையின் கஷ்டம் புரிந்தது. வருடத்துக்கு ஒரு முறை கப்பல். அதில் வருவதுதான் அரிசி, பருப்பு, மாவு, டின்னில் அடைத்தது, உறையவைத்தது எல்லாம். கேப் டவுனிலிருந்து விமானம் வரும் கோடை மாதங்களில் கொஞ்சம் பச்சைக் காய்கறி. மற்றபடி இருப்பைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். மைசூரில் உள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடம், பிரித்துச் சுடவைத்துச் சாப்பிடும் பொட்டலங்களைக் கொடுத்தனுப்புகிறது. கூடாரத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் உயிர். ஆனால் நிலையத்தில் குளிர்காலம் தங்கும் இருபது, இருபத்தைந்து பேருக்குப் பொட்டலம் போதாது. அந்த இருட்டில் அன்றாடம் ஒரு சப்பாத்தி, ஒரு குழம்பு, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு விசேஷம் என்று ஒருவர் நினைவாகச் செய்துகொண்டிருந்தால்தான் மனுசருக்கு நாள் நகரும். சமையற்காரருக்கு ஒத்தாசையாக எல்லோரும் முறை வைத்துக்கொண்டு காய் நறுக்கி, பாத்திரம் கழுவி, தரை துடைத்து, கழிப்பறை சுத்தம் செய்திருக்கிறீர்கள். குழுத் தலைவருக்கும் அதே முறைதான். இதைக் கேட்டு எங்கள் அக்கா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "நல்லா வளத்திருக்காங்க" என்றார். அவர் சொன்னதாக உங்கள் சமையற்காரர்கள் எல்லோருக்கும் இந்த நன்றியைச் சேர்த்துவிடுங்கள்.

இருட்டு என்றேன். மைத்ரியில் மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சுமார் 2 மாதம் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. வெப்பம் மைனஸ் 30-க்கும் கீழே இறங்கும். பனிப்புயலில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் காற்றடிக்கும்போது ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போவதற்குக்கூடக் கட்டிவைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கப்பல் வராது, விமானம் வராது. உடம்புக்கு முடியாமல் போனால் கூடவே இருக்கும் டாக்டர்தான் கதி. மலைக்கு ரோடு வராத காலத்தில் பிரசவ வலி கண்டவர்களைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய கதைகளை என் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். எங்களுக்கு இறங்கி வர ஒரு வழி இருந்தது, தூக்க நாலு தோள் இருந்தது. உங்களுக்கு அந்த மாதங்களில் இறங்கி வரவே வழியில்லை. அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டுப் போயிருக்கிறீர்கள். ஜூன் 21 அன்று, இருட்டின் நடுநாளில், அண்டார்டிகாவின் நிலையங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொண்டு விருந்து வைப்பதையும் படித்தேன். ரஷ்யரும் ஜெர்மானியரும் சீனரும் இந்தியரும் அன்று ஒரே காரணத்துக்காகச் சந்தோஷப்படுகிறார்கள்: நாளையிலிருந்து சூரியன் நம்மை நோக்கி வரத் தொடங்கும் என்று.

இந்தக் கதை எப்போது தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். 1981 டிசம்பர் 6-இல் டாக்டர் எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9-இல் அண்டார்டிகாவில் இறங்கினார்கள். 1983-84-இல் போன மூன்றாவது குழு தட்சிண கங்கோத்ரியைக் கட்டியது. அந்தக் குழுவிலிருந்து 12 பேர் முதன்முதலாக அங்கே குளிர்காலம் தங்கினார்கள். மிதக்கும் பனித்தட்டின் மேலே கட்டிய அந்த நிலையத்தைப் பனி கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிட, 1990-இல் கைவிட நேர்ந்தது. அது அப்படி மூடிக்கொண்டே வந்ததால்தான் மைத்ரியை முன்கூட்டியே பாறைமேல் கட்டினார்கள். 2012-இல் லார்ஸ்மன் குன்றுகளில் பாரதி வந்தது, 134 கப்பல் கன்டெய்னர்களை உள்ளே வைத்துக் கட்டிய வீடு அது.

ஆண்டுகளைவிட ஆட்கள்தான் பிள்ளைகள் மனதில் நின்றார்கள். அந்த மூன்றாவது குழுவில் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்று இரண்டு பெண்கள் போனார்கள் என்றதும் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பாறை ஆராய்ச்சி, மற்றவர் கடல் ஆராய்ச்சி. இஸ்ரோவின் மங்களா மணி தன் 56-ஆம் வயதில் பாரதி நிலையத்துக்குப் போய், 2016-17-இல் 403 நாள் இருந்து வந்ததைச் சொன்னபோது, எங்கள் சத்துணவு அக்கா கூடத்திலிருந்தே தலையை நீட்டி, "எத்தனை வயசுன்னீங்க?" என்று கேட்டார். நம் ஊர்க்காரர் யாராவது உண்டா என்றார்கள் பிள்ளைகள். உண்டு. திருவாரூர்ப் பக்கம் சன்னாநல்லூரைச் சேர்ந்த கர்னல் கணேசன், 1980-களின் பிற்பகுதியில் தட்சிண கங்கோத்ரியில் குளிர்காலக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். நெல்வயலில் பிறந்த ஒருவர் பனியில் ஒரு குடும்பத்தை நடத்தினார் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய தெம்பு.

இனி நான் சொல்லப்போவது பாறையைப் பற்றி. இதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

கொல்லிமலை சார்னோக்கைட் பாறையால் ஆனது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிற அதே இனம். நாங்கள் கருங்கல் என்போம். புதிதாக உடைத்த முகத்தில் நீலமும் சாம்பலும் கலந்து, எண்ணெய் தடவினாற்போல ஒரு பளபளப்பு இருக்கும். பூமிக்குள் மிக ஆழத்தில், பாறையே வெந்துபோகிற சூட்டில், தண்ணீர்ப் பசை இல்லாமல் பக்குவப்பட்டது அது. மேலே இருந்தவை எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்துபோனபின் இன்று நம் காலடியில் கிடக்கிறது. ஏர் ஓட்டும்போது கொழுவில் தட்டுவதும், வீட்டுக்கு அடிக்கல் ஆவதும் இந்தக் கல்தான். அதைத் திரும்பிப் பார்த்தவர் எங்கள் ஊரில் யாரும் கிடையாது.

வோல்தாட் மலைத்தொடரில் நீங்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்து, எண் எழுதிப் பையில் போட்ட பாறைகளில் சார்னோக்கைட்டும் உண்டு என்று உங்கள் அறிக்கைகளில்தான் படித்தேன். எங்கள் மலையின் பாறைக்குச் சுமார் 250 கோடி வயது, அங்கே உள்ளவை பெரும்பாலும் மிக இளையவை, ஆகவே இரண்டும் ஒரே பாறை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவும் இலங்கையும் கிழக்கு அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்தவை. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பாகம் பிரித்துக்கொண்டு போயின. எந்த ஓரம் எந்த ஓரத்தோடு பொருந்தும் என்று பார்ப்பதற்கு இரண்டு பக்கத்துப் பாறையையும் தொட்டுப் பார்த்தவர்கள் வேண்டும். நம் பக்கத்துக்கு வண்டியில் போகலாம். அந்தப் பக்கத்துக்கு யாராவது கூடாரம் போட்டு, பனியை உருக்கிக் குடித்து, வாரக்கணக்கில் கிடந்தாக வேண்டும். நீங்கள் கிடந்தீர்கள். அதனால் இன்று அரியூர் சோலைக்குப் போகும் வழியில் ஒரு பாறைமேல் பிள்ளைகளை உட்காரவைத்து, "இதோட சொந்தக்காரங்க தென்துருவத்துல இருக்காங்க" என்று என்னால் சொல்ல முடிகிறது. அவர்கள் அந்தப் பாறையைத் தடவிப் பார்ப்பதை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.

அந்த அறிவுக்கு உயிரையே கொடுத்தவர்கள் நால்வர். 1990 ஜனவரி 8 அன்று, ஒன்பதாவது பயணக் குழுவைச் சேர்ந்த 3 புவியியல் ஆய்வுத் துறை விஞ்ஞானிகளும், கடற்படையின் தகவல் தொடர்பாளர் ஒருவரும் ஹம்போல்ட் மலையில் இருந்த தங்கள் முகாமிலேயே விபத்தில் இறந்துபோனார்கள். அந்த இடத்துக்கு இந்தியா முனை என்று பெயர். அங்கே ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறீர்கள். அண்டார்டிக் ஒப்பந்த நாடுகள் காத்துவரும் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் அது 78-ஆவது. அந்தக் குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பள்ளியில் ஜனவரி மாதம் அந்த நால்வருக்காக எழுந்து நிற்கிறோம். தங்களைச் சேர்ந்தவர்களைக் கொல்லிமலையில் யாரென்றே தெரியாத பிள்ளைகள் நினைக்கிறார்கள் என்பது அந்த வீடுகளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

குப்பைக்கு வருகிறேன். 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் உடன்படிக்கையை நான் பிள்ளைகளுக்குக் கதையாகவே சொன்னேன். அண்டார்டிகாவில் ஆராய்ச்சிக்காக அல்லாமல் யாரும் கனிமம் எடுக்கக் கூடாது. வெளிமண்ணைக் கொண்டுபோகக் கூடாது. வண்டி இழுத்த நாய்களைக்கூட 1994 ஏப்ரலுக்குள் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் (நாய்களுக்காக வகுப்பில் பெரிய வருத்தம்). பனியில்லாத பாறைமேலோ நன்னீர் ஏரியிலோ கழிவைக் கொட்டக் கூடாது. பேட்டரி, பிளாஸ்டிக், எண்ணெய் பீப்பாய் எல்லாம் கப்பலேறித் திரும்பியாக வேண்டும். நீங்கள் அன்றாடம் குப்பையைப் பிரித்து, நசுக்கி, மூட்டை கட்டி, எண் போட்டு, அடுத்த கப்பலுக்காகக் காத்துவைக்கிறீர்கள். மைத்ரியில் மனிதக் கழிவை எரித்துச் சாம்பலாக்கும் கழிப்பறைகள் இருந்ததையும் சொன்னேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அந்தச் சாம்பல் எங்கே போகும் என்று கேட்டார்கள்.

எங்கள் மலையின் உச்சிகளில் பாக்சைட் வெட்டி எடுத்த காலம் உண்டு. வெட்டிய இடங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு கண்டத்தையே வெட்டாமல் விடுவது என்று நாடுகள் உட்கார்ந்து முடிவெடுக்க முடியும் என்ற செய்தி எங்களுக்கு எத்தனை பெரிய செய்தி என்பது உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன். ஆகாய கங்கை அருவிக்கு வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் பாட்டிலையும் பொட்டலத் தாளையும் பொறுக்கி என்ன செய்வது என்று முன்பெல்லாம் தெரியாது, குழி தோண்டிப் புதைத்துவிடுவோம். இப்போது எங்கள் பிள்ளைகள் புதைக்க விடுவதில்லை. வகை பிரித்து, சாக்கில் கட்டி, கீழே போகிற வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போகிற சாக்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'மைத்ரி மூட்டை'.

இன்னொன்று, நோட்டுப்புத்தகம். உங்கள் வானிலைக்காரர்கள் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை காற்றையும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் குறித்துவருகிறார்கள். யாருக்கும் உடனே எதுவும் கிடைக்காத வேலை. பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் 1957-இலிருந்து அப்படித்தான் ஓசோனை அளந்துகொண்டே இருந்தார்கள். 1980-களில் யாராவது "போதும், இத்தனை வருடம் அளந்தாகிவிட்டது" என்று நிறுத்தியிருந்தால், ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985-இல் ஓசோன் துளையைப் பற்றி உலகத்துக்குச் சொல்லியிருக்க முடியாது. அடுத்த இரண்டே ஆண்டில் ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்ததற்கும் அந்த நோட்டு ஒரு பலம். இந்திய வானிலைத் துறையும் மைத்ரியிலிருந்து பலூன் விட்டு ஓசோனை அளந்துவருகிறது.

அதைச் சொல்லித்தான் எங்கள் பள்ளியில் மழை நோட்டு தொடங்கினோம். காலை 8.30-க்கு மழைமானியைப் பார்த்து எழுத வேண்டும். மழை பெய்யாத நாளிலும் '0' என்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தச் சைபர்தான் கசந்தது. எதுவுமே இல்லாததை ஏன் எழுத வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். பனிப்புயலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் அளவெடுத்து வந்தவரின் கதையைச் சொன்னேன். அப்புறம் சண்டை இல்லை. விடுமுறை நாளில் யார் வருவது என்று அவர்களே முறை போட்டுக்கொண்டார்கள். மிளகுக்கும் சாமைக்கும் மரவள்ளிக்கும் மழையை நம்பியிருக்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள். நோட்டைப் புரட்டி, போன ஆடியில் எவ்வளவு, இந்த ஆடியில் எவ்வளவு என்று அப்பாவிடம் சொல்கிறார்கள். அப்பாக்கள் இப்போது வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இத்தனைக்கும் உங்களிடம் இன்னும் கேட்க இருக்கிறது. நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. உங்களில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் நாட்குறிப்பில் இருக்கிற சின்ன விஷயங்களைத் தமிழில் எழுதுங்கள். தோசை மாவு அங்கே எப்படிப் புளித்தது? துணி காய்ந்தது எங்கே? முடி வெட்டிவிட்டது யார்? சண்டை வந்தால் சமாதானம் செய்துவைத்தது யார்? முதல் முறை சூரியன் திரும்பி வந்த அன்று என்ன சமைத்தீர்கள்? இவை எல்லாம் என் வகுப்பில் வந்த கேள்விகள். ஒரு கேள்விக்கு அரைப் பக்கம் கிடைத்தாலும் எங்களுக்குப் போதும்.

தட்சிண கங்கோத்ரியில் 1984-இல் அஞ்சலகம் திறந்தீர்கள், 2024 ஏப்ரலில் பாரதியிலும் ஒன்று திறந்திருக்கிறது, கடிதங்கள் கோவா வழியாக வந்து போகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் இந்த மடலோடு அவர்கள் எழுதிய அட்டைகளையும் கோவாவில் வாஸ்கோடகாமாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்புகிறோம். அட்டைகளில் விதையோ மண்ணோ இலையோ ஒட்டக் கூடாது என்று அவர்களே ஒருவருக்கொருவர் சோதித்துத்தான் உறையில் போட்டார்கள்.

சத்துணவு அக்காவுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தை, மாசியில் எங்கள் ஊரில் மிளகு பறிப்பு. காயவைத்துத் தூற்றிய கொல்லிமலை மிளகு கொஞ்சம் உங்கள் சமையலறைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார், குளிருக்கு நல்ல மிளகு ரசம் வேண்டுமாம். விதிப்படி அதற்கு அனுமதி உண்டா, பொடித்துத்தான் அனுப்ப வேண்டுமா, கப்பல் புறப்படுவதற்கு எத்தனை நாள் முன்னால் கோவாவுக்கு வந்து சேர வேண்டும் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.


அரியூர் நாட்டுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.